புல் மேல் படுக்காதீர்கள்: இமயத்துக்கு ஆள் கூட்டிப் போகும் மலையேற்றக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை, கோவை, மதுரை, பெங்களூரு என்று பல ஊர்களிலிருந்தும் ஆண்டுதோறும் உத்தராகண்ட் மலைகளுக்கு ஆட்களைத் திரட்டிக் கூட்டிப் போகும் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

2016 ஜூன் மாதம் பேத்னி புக்யால் என்ற மலை உச்சிப் புல்வெளியில் இரண்டு இரவு தங்கினேன். மூன்றாம் நாள் காலை கூடாரத்தைக் கழற்றியபோது அடியில் புல் வெளிறி, நசுங்கி, ஈரப் பாயைப் போல மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. மழைத்தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்று கூடாரத்தைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். வெட்டிய புல்கட்டிகள் வேர் மேலே தெரியக் கவிழ்ந்து கிடந்தன. கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் அதே அளவில் வரிசையாக இன்னும் பல சதுரங்கள். அவற்றில் புல்லே இல்லை, வெறும் கறுப்பு மண். எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் படுத்த இடங்கள் அவை.

எங்களைக் கூட்டிப் போன குழுவின் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த நாளில் அங்கே இருந்த எல்லாக் குழுக்களும் அதையேதான் செய்தன. காசு கட்டிப் போய், அந்த வாய்க்காலைப் பார்த்தும் வாய் திறக்காமல் இருந்தவள் நான். அதனால் உங்களை மட்டும் குற்றம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் கேட்டுக்கொள்ளும் உரிமை இருக்கிறது. 2014க்குப் பிறகு வரப்போகும் நந்தா தேவி ராஜ் ஜாத் யாத்திரை நெருங்கிக்கொண்டிருக்கிறது. "12 ஆண்டுக்கு ஒரு முறை வரும் வாய்ப்பு" என்று விளம்பரம் போட்டு நீங்கள் ஆள் சேர்ப்பீர்கள். சேர்ப்பதற்கு முன்னால் இதை ஒரு முறை படித்துவிடுங்கள் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் புக்யால் என்பது என்ன என்று நாம் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறோமா என்றே எனக்குச் சந்தேகம். நம் ஊரில் புல்வெளி என்றால் வெட்டினாலும் மிதித்தாலும் அடுத்த மழைக்கு மறுபடி தழைத்துவிடும். அந்தப் பழக்கத்தோடுதான் நாம் அங்கே போய்க் கால் வைக்கிறோம். கட்வால் மலைகளில் மரங்கள் முடிகிற உயரம் ஏறத்தாழ 3,300 மீட்டர். கர்சு ஓக் மரங்களும் குட்டையான ரோடோடென்ட்ரான் புதர்களும் ஓய்ந்த பிறகு, நிரந்தரப் பனி தொடங்குவதற்கு முன்னால், நடுவில் இருக்கும் பச்சை அடுக்குதான் புக்யால். பேத்னி அந்த எல்லையை ஒட்டி 3,350 மீட்டர் அளவில் இருக்கிறது. ஆண்டில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும். பனி உருகி மண் வெளியே தெரிந்ததும் புல்லும் பூவும் அவசர அவசரமாக முளைத்து, பூத்து, விதை விட்டு, அக்டோபருக்குள் கதையை முடித்தாக வேண்டும். அந்த நாலைந்து மாதம்தான் அவற்றின் மொத்த வாழ்வு. அதே நாலைந்து மாதம்தான் நம்முடைய 'சீசன்'.

அடியில் இருக்கும் மண் ஆழமானது கிடையாது. பல இடங்களில் ஒரு முழம் தோண்டினால் கல். அந்த மண்ணை மலைச்சரிவில் பிடித்து வைத்திருப்பது ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் புல் வேர்கள்தான். ஒரு இடத்தில் வேர் அறுந்தால் அங்கே தண்ணீர் இறங்கும். குளிர்காலத்தில் அந்த ஈரம் உறைந்து விரிந்து மண்ணைப் பிளக்கும். வெயிலில் உருகி இன்னும் கொஞ்சம் மண்ணைக் கொண்டுபோகும். பிறகு பருவமழை. இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒரு சாண் வாய்க்கால் ஆள் இறங்கி நிற்கிற ஓடையாகிவிடும். நாங்கள் மழைக்காக வெட்டிய வாய்க்கால் இன்று எவ்வளவு ஆழம் இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பாதையும் அப்படித்தான். ஒற்றையடிப் பாதை சேறாகிவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? ஷூ நனையக்கூடாது என்று பக்கத்துப் புல்லில் ஏறி நடக்கிறோம். அடுத்த நாள் அதுவும் சேறாகும். அப்புறம் அதற்கும் பக்கத்தில். ஆலி புக்யாலில் நான் ஒரே சரிவில் இணையாக ஓடும் ஏழு தடங்களை எண்ணினேன். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ பெரிய சீப்பை எடுத்து மலையை வாரிவிட்ட மாதிரி இருந்தது. உங்கள் மூட்டைகளைச் சுமக்கும் கோவேறு கழுதைகள் இரவெல்லாம் அவிழ்த்துவிடப்பட்டு அந்தச் சரிவிலேயே மேய்ந்தன. லாடம் அடித்த குளம்பு ஈர மண்ணில் இறங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி அந்தப் பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் அறிவிப்புகளில் அது "ரூப்குண்ட் ட்ரெக்", "ஆலி பேத்னி ட்ரெக்" என்று வருகிறது. ஒரு சில வரிகளில் எலும்புக்கூடு ஏரி, திரிசூல் சிகரக் காட்சி, முகாம் தீ. ஆனால் அது உங்களுக்கோ எனக்கோ போட்ட பாதை இல்லை. ஒரு பெண்ணைப் புகுந்த வீட்டுக்குக் கொண்டுபோய் விடுகிற பாதை அது.

நந்தா தேவி அந்த மலை மக்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கும் தெய்வம் மட்டும் இல்லை, அவர்கள் வீட்டுப் பெண். கட்வாலும் குமாவோனும் அவளுக்குத் தாய்வீடு. சிவன் இருக்கும் கைலாசம் புகுந்த வீடு. தாய்வீட்டுக்கு வந்து இருந்துவிட்டுத் திரும்புகிற மகளை ஊரே கூடி வழியனுப்பும் பயணம்தான் ஜாத். ஆண்டுதோறும் ஆவணி, புரட்டாசி வாக்கில் குரூட் ஊரிலிருந்து அவளுடைய டோலி, அதாவது பல்லக்கு, புறப்பட்டு பேத்னி வரை போய்த் திரும்புவது லோக் ஜாத். 12 ஆண்டுக்கு ஒரு முறை என்று கணக்கு வைத்து நடப்பது ராஜ் ஜாத். கர்ணபிரயாகைக்கு அருகில் உள்ள நௌட்டி கிராமத்திலிருந்து கிளம்பி, வாண் என்ற கடைசி ஊரைக் கடந்து, பேத்னி, பாதர் நச்சௌனி, ரூப்குண்ட் வழியாக, அதற்கும் மேலே ஒரு கணவாயைத் தாண்டி ஹோம்குண்டில் முடிகிறது. போய்த் திரும்ப ஏறத்தாழ 280 கிலோமீட்டர், மூன்று வாரத்துக்குச் சற்றே குறைவு. கணக்கு 12 என்றாலும் மலை எப்போதும் சம்மதிப்பதில்லை. 1968, 1987, 2000, 2014 என்றுதான் கடைசி நான்கு நடந்திருக்கின்றன. 2013இல் நடந்திருக்க வேண்டியது, அந்த ஜூனில் கேதார்நாத்தில் வந்த பெருவெள்ளத்தால் தள்ளிப்போனது.

முன்னால் போவது நான்கு கொம்புள்ள ஒரு கிடா. சௌசிங்கா என்பார்கள். அதன் முதுகில் இரண்டு பக்கமும் பை. அதில் நந்தாவுக்கான சீர்: துணி, வளையல், பொட்டு, தின்பண்டம். வழியில் ஒவ்வொரு ஊர்ப் பெண்களும் தங்கள் பங்குக்குச் சோளக்கதிரும் வெள்ளரிக்காயும் கொண்டுவந்து வைக்கிறார்கள். அர்சா என்று ஒரு பலகாரம். ஊறவைத்த அரிசியை இடித்து வெல்லப்பாகில் பிசைந்து எண்ணெயில் பொரிப்பது. வாணில் ஒரு வீட்டில் கையில் வாங்கிக் கடித்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. தீபாவளிக்கு எங்கள் அம்மா சுடும் அதிரசம் அது. எல்லாச் சீரையும் சுமந்து ஹோம்குண்ட் வரை போன கிடாவை அங்கே அவிழ்த்துவிடுகிறார்கள். அது தனியாகப் பனியை நோக்கி நடக்கும். யாரும் கூடப் போவதில்லை.

2023 செப்டம்பரில் லோக் ஜாத்துக்காக மறுபடி வாணுக்குப் போனேன். டோலி ஊரை விட்டுக் கிளம்பும் நேரம் கிழவிகள் ஜாகர் என்ற சாமிப் பாட்டைப் பாடிக்கொண்டே அழுதார்கள். சடங்குக்காக அழுகிற அழுகையாகத் தெரியவில்லை. அங்கிருந்து மேலே நந்தாவுக்குத் துணை லாட்டு தேவதா, அவளுடைய தர்மத் தம்பி. வாணில் இருக்கும் அவன் கோயில் கதவை ஆண்டுக்கு ஒரு முறைதான் திறப்பார்கள். திறக்கும் பூசாரியும் கண்ணையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

இதை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அன்று கூட்டத்தோடு கூட்டமாக நானும் நடந்தேன். வாணிலிருந்து நீல் கங்கா ஓடையைக் கடந்து, காட்டு வழியே ஏறி, இரவு கைரோலி பாதாலில் தங்கினோம். அது மரங்களுக்கு நடுவே இருக்கும் இடம், புக்யாலுக்குக் கீழே. மறுநாள் காலை பேத்னிக்கு ஏறினோம். வைதரணி குண்டில் முன்னோர்களுக்குத் தர்ப்பணம், நந்தாவுக்குப் பூஜை. முடிந்ததும் டோலியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்கள். புல்வெளியில் யாரும் படுக்கவில்லை. பகலில் வந்து, வேலையை முடித்து, பகலிலேயே திரும்பினார்கள். ஏன் இங்கே தங்குவதில்லை என்று வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் அதை ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "தீதி (அக்கா), இது அவளுடைய முற்றம். முற்றத்தில் யாராவது படுப்பார்களா?" என்றார்.

ராஜ் ஜாத்தில் பேத்னியிலும் பாதர் நச்சௌனியிலும் இரவு தங்குகிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். ஆம், தங்குகிறார்கள். 2014இல் பல்லாயிரம் பேர் ஏறியபோது புல்வெளி பட்டபாடும் சின்னதில்லை. அதைப் பற்றி அந்த விழாவை நடத்துபவர்களிடமும் அரசிடமும் தனியாகக் கேட்க வேண்டியது இருக்கிறது. ஆனால் அந்தப் பழைய ஏற்பாட்டில் ஒரு ஓய்வு இருந்தது. பெருங்கூட்டம் ஒரு முறை மிதித்தால், அப்புறம் பத்துப் பன்னிரண்டு ஆண்டு மண் மூச்சு விடலாம். நாம் என்ன செய்தோம்? மே முதல் அக்டோபர் வரை வாரா வாரம் ஒரு ஜாத் நடத்தினோம்.

அந்த மலைகளில் பழைய கட்டுப்பாடுகள் நிறைய. புக்யாலில் சத்தம் போடக்கூடாது, சீட்டி அடிக்கக்கூடாது, பளிச்சென்ற நிறத்தில் உடுத்தக்கூடாது. மீறினால் ஆச்சரிகள், அதாவது மலைமேல் உலவும் வனதேவதைப் பெண்கள், பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். பிரம்ம கமலத்தை நந்தாஷ்டமிக்கு முன்னால் பறிக்கக்கூடாது. நந்தாஷ்டமி வருவது அந்தப் பூவின் பருவம் முடியப்போகும் சமயம். இந்தக் கட்டுப்பாடுகளைச் சொன்னவர்கள் தாவரவியல் படித்தவர்கள் இல்லை. ஆனால் மேலே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பழையது என்பதற்காக எல்லாவற்றையும் நான் தலையில் தூக்கி வைக்க மாட்டேன். ராஜ் ஜாத்தில் வாணுக்கு மேலே பெண்கள் போகக்கூடாது என்றும் ஒரு காலத்தில் கட்டு இருந்தது. இன்று பெண்கள் போகிறார்கள். அது மாறியது நல்லதுதான், மாறாவிட்டால் இந்தக் கடிதத்தை எழுத நான் அந்தப் பக்கம் போயிருக்கவே மாட்டேன். தவறான கட்டுப்பாட்டை விட வேண்டும். புல்லைக் காப்பாற்றிய கட்டுப்பாட்டை எதற்கு விட்டோம் என்பதுதான் என் கேள்வி.

பாதர் நச்சௌனிக்கும் ஒரு கதை உண்டு. கன்னௌஜ் மன்னன் ஜஸ்தவல் கர்ப்பிணியான ராணியோடும் பரிவாரத்தோடும் யாத்திரை வந்தானாம். நாட்டியக்காரிகளையும் கூட்டி வந்து புல்வெளியில் ஆட வைத்தானாம். நந்தாவுக்குக் கோபம் வந்து ஆடியவர்கள் கல்லானார்கள். மேலே போனவர்கள்மேல் இரும்பு உருண்டை போல ஆலங்கட்டி விழுந்து எல்லோரும் ரூப்குண்டில் மாண்டார்கள். 1942இல் ஒரு வனக் காவல் அதிகாரி அந்த ஏரிக்கரையில் மனித எலும்புகளைக் கண்டபோது ஊர்க்காரர்களுக்கு வியப்பு வரவில்லை என்றால் அதற்கு இந்தக் கதைதான் காரணமாக இருந்திருக்க வேண்டும். 2019இல் 38 பேரின் எலும்புகளை மரபணுச் சோதனை செய்து வெளியிட்ட ஆய்வு கதையை இன்னும் சிக்கலாக்கியது. 23 பேர் தெற்காசிய மரபினர், ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன்னே, அதுவும் ஒரே சமயத்தில் இல்லாமல் வெவ்வேறு காலத்தில் இறந்தவர்கள். 14 பேர் கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதி மரபினர், இறந்து 200 ஆண்டு சொச்சம்தான் ஆகிறது. ஒருவர் தென்கிழக்கு ஆசிய மரபு. அந்த 14 பேர் அங்கே எப்படி வந்தார்கள் என்பதற்கு இன்னும் விடை இல்லை.

அந்த எலும்புகளை மலையேறப் போனவர்கள் நினைவுப் பொருளாக எடுத்துக்கொண்டு வந்தார்கள். நம்மைப் போன்றவர்கள்தான். யாருடைய தாயோ, யாருடைய பிள்ளையோ. யாத்திரை போன இடத்தில் செத்தவரின் எலும்பைப் பையில் போட்டுக்கொண்டு வர ஒருவருக்கு எப்படி மனம் வந்தது? கூட்டிப் போன குழுக்களில் ஒருவராவது தடுத்திருக்க வேண்டாமா?

இப்படி எல்லாம் நடந்துதான் விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. ஆலி, பேத்னி, பக்ஜி புக்யால்களைக் காக்க அவற்றின் பெயரிலேயே அமைந்த ஒரு குழு 2014இல் பொதுநல வழக்குப் போட்டது. 2018 ஆகஸ்ட் 21 அன்று உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. புக்யால்களில் இரவு தங்கத் தடை. நிரந்தரக் கட்டுமானங்களை அகற்ற வேண்டும். அங்கே போகிறவர்கள் எண்ணிக்கை 200ஐத் தாண்டக்கூடாது. வணிக நோக்கில் மேய்க்கக்கூடாது, உள்ளூர் மேய்ப்பர்களுக்கு மட்டும் அனுமதி. நாம் குரங்கணித் தீயில் பறிகொடுத்த பிள்ளைகளுக்காக அழுதுகொண்டிருந்த அதே ஆண்டு அது. மலைக்குப் போவதற்கு விதி ஏன் வேண்டும் என்று அந்த ஆண்டு நமக்கு யாரும் பாடம் எடுத்திருக்கத் தேவையில்லை.

தீர்ப்பு வந்ததும் நம் பக்கத்துக் குழுக்கள் பல என்ன செய்தன தெரியுமா? வேறு புக்யாலுக்குப் போனார்கள். ரூப்குண்ட் மூடினால் இன்னொன்று. அவ்வளவுதான். நமக்கு ஒரு பெயரை அடித்துவிட்டு இன்னொரு பெயர் எழுதுகிற வேலை. வாண், லோஹாஜங் ஊர்க்காரர்களால் அப்படி ஊரை மாற்ற முடியுமா? வழிகாட்டிகள், சுமை தூக்குபவர்கள், சமையல்காரர்கள், கழுதைக்காரர்கள், டீக்கடைக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் சம்பாத்தியம் நின்றுபோனது. 2023இல் நான் தங்கிய வீட்டுக்காரர் ஒரு காலத்தில் சீசனுக்கு ஆறு மாதம் வேலை பார்த்தவர். இப்போது மே மாதம் பனி விலகியதும் கீடா ஜடி தோண்டப் போகிறார். புழுவின் உடம்பில் முளைக்கும் அந்தப் பூஞ்சைக்கு வெளிச்சந்தையில் பெரிய விலை. அதைத் தேடி நாள் முழுக்கப் புல்லில் தவழ்ந்து மண்ணைக் குத்தி எடுக்க வேண்டும். அதுவும் புக்யாலுக்குக் கெடுதல்தான் என்று அவருக்குத் தெரியும். "வேறு என்ன செய்ய, தீதி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

இது அந்த மலைகளுக்குப் புதிதும் இல்லை. பக்கத்திலேயே நந்தா தேவி சிகரத்தைச் சுற்றிய உள்வட்டத்தை மலையேறும் குழுக்கள் குப்பையும் விறகு வெட்டுமாகச் சீரழித்தன. 1980களின் தொடக்கத்தில் அதைத் தேசியப் பூங்காவாக்கி மூடினார்கள். கெடுத்தவர்கள் வேறு சிகரங்களுக்குப் போனார்கள். லாதா கிராமத்து போட்டியா மக்கள் சுமைக் கூலியையும் தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்த்த இடத்தையும் சேர்த்து இழந்தார்கள். 1998இல் அவர்கள் "ஜப்டோ சீனோ", அதாவது பாய்ந்து பிடுங்கு, என்று முழக்கமிட்டு உள்ளே நுழைந்து போராடும் அளவுக்குப் போனது. ஒவ்வொரு முறையும் கெடுப்பது வெளியிலிருந்து வருபவர்கள், கதவு சாத்தப்படுவது ஊர்க்காரர் முகத்தில்.

சரி, நான் உங்களிடம் கேட்பது என்ன?

புக்யாலில் இரவு தங்குவதை விட்டுவிடுங்கள். பேத்னியில் மட்டும் இல்லை, தடை கண்காணிக்கப்படாத எந்தப் புக்யாலிலும். இது ஒன்றுதான் என் முதல் கோரிக்கை, மற்றவை எல்லாம் இதற்குப் பிறகு. வாணில் வீடுகளில் தங்கலாம். மேலே போகிற இரவுக்கு மரங்களுக்குள், அனுமதி இருக்கும் இடத்தில் தங்கலாம். விடியலில் ஏறி, புக்யாலில் நாள் முழுக்க நடந்து, திரிசூல், நந்தா குன்ட்டி சிகரங்களைக் கண் நிறையப் பார்த்து, வெயில் சாயும் முன் இறங்கிவிடலாம். லோக் ஜாத் போகிறவர்கள் டோலியைத் தோளில் சுமந்துகொண்டே இதைச் செய்கிறார்கள், அதில் எழுபது வயதுக்காரர்களும் இருக்கிறார்கள். நடக்கும் தூரம் கூடும், உண்மைதான். புல்வெளியில் நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு படுக்கும் படம் உங்கள் விளம்பரத்தில் இருக்காது, அதுவும் உண்மைதான். அந்தப் படத்தை விட்டுக்கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நாற்பது ஐம்பது பேராகப் போகாதீர்கள். பன்னிரண்டு பேர் போதும். பெரிய குழுவில் முன்னால் போகிறவர் முகமே பின்னால் வருபவருக்குத் தெரியாது. 2024 ஜூனில் சஹஸ்த்ர தால் போன 22 பேர் கர்நாடகக் குழு திடீர்ப் பனிப்புயலில் சிக்கி 9 பேர் இறந்தார்கள். அங்கே என்ன தவறு நடந்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் 4,000 மீட்டருக்கு மேலே வானிலை மாறினால், எல்லோரையும் ஒருவர் கண்பார்வையில் வைத்திருக்க முடிகிற அளவுதான் குழுவின் சரியான அளவு என்று அதற்குப் பிறகாவது நாம் ஒத்துக்கொள்ள வேண்டும். சிறிய குழு புல்லுக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது.

சேறான பாதையில் சேற்றிலேயே நடக்கக் கற்றுக்கொடுங்கள். கிளம்பும் முன் வரும் வாட்ஸ்அப் பட்டியலில் ஷூ, ஜாக்கெட், பவர் பேங்க் எல்லாம் இருக்கிறது. இந்த ஒரு வரி மட்டும் எந்தக் குழுவின் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை. முகாம் தீக்காகக் குட்டை ஜூனிப்பரை ஒடிக்கவே கூடாது. மணிக்கட்டு அளவு தடிக்க அது எத்தனையோ பத்தாண்டு எடுத்துக்கொள்ளும்.

ஊர்க்காரரைக் கூலிக்கு வைப்பதோடு நிறுத்தாதீர்கள். எப்போது ஏறலாம், எத்தனை பேர் ஏறலாம், இந்த வாரம் புல் ஈரமாக இருக்கிறதா என்பதை அவர்கள் சொல்லட்டும், நீங்கள் கேளுங்கள். தேதியை நீங்கள் சென்னையில் உட்கார்ந்து முடிவு செய்து, முன்பணம் வாங்கி, அப்புறம் அவர்களிடம் "எப்படியாவது கூட்டிப் போங்கள்" என்று சொல்வது எனக்குத் தெரிந்த ஒவ்வொரு குழுவிலும் நடக்கிறது. மழை விடாவிட்டால் பேத்னிக்குப் போகாமல் வாணிலேயே மூன்று நாள் இருந்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும் என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சிலர் வரமாட்டார்கள், பரவாயில்லை.

உங்களில் சிலர் சொல்வீர்கள்: எங்கள் பிழைப்பு இதில்தான் இருக்கிறது, இளைஞர்களை மலைக்குக் கொண்டுபோகிறோம், அது நல்ல காரியம்தானே? நல்ல காரியம்தான். ஒரு 22 வயதுப் பெண் வாழ்க்கையில் முதல் முறையாகப் பனியைத் தொடும்போது முகம் எப்படி மாறும் என்று நான் பார்த்திருக்கிறேன். என்னுடைய முகமும் ஒரு நாள் அப்படி மாறியதுதான். அந்த இடத்தை எனக்குக் காட்டியது ஒரு மலையேற்றக் குழு, அந்த நன்றி எனக்கு இருக்கிறது. அதனால்தான் புகாராக யாருக்கும் அனுப்பாமல் உங்களுக்கே எழுதுகிறேன்.

கெட்டதைச் சரி செய்யவும் வழி இருக்கிறது, கொஞ்சமாவது. உத்தரகாசி மாவட்டத்து தயாரா புக்யாலில் மண் அரித்து ஓடையான இடங்களை வனத்துறை அடைத்திருக்கிறது. தென்னை நார் விரிப்புகளைச் சரிவில் பரப்பி, மூங்கில் ஆணி அடித்து, பைன் ஊசியிலைகளை மூட்டையாகக் கட்டித் தடுப்பு வைத்தார்கள். நார் மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும், புல் முளைத்த பிறகு மக்கி மண்ணோடு சேர்ந்துவிடும். தென்னை நாரை நமக்கு யாரும் அறிமுகம் செய்ய வேண்டாம். பொள்ளாச்சிப் பக்கம் போனால் மலை மலையாகக் கிடக்கிறது. ராஜ் ஜாத் முடிந்ததும் பேத்னியிலும் இப்படி வேலை தேவைப்படும். உங்கள் குழுக்கள் எல்லாம் சேர்ந்து, ஆளுக்கு ஒரு பயணத்தின் லாபத்தை ஒதுக்கி, வனத்துறையின் அனுமதியோடும் வாண் ஊராரின் மேற்பார்வையிலும் அந்த வேலைக்குக் கொடுக்க முடியாதா? அதற்கு ஆள் வேண்டும் என்றால் முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். நான் படுத்த சதுரம் எந்த இடத்தில் இருந்தது என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: வைதரணி குண்டுக்கு வடக்கே, பாதை திரும்பும் இடத்தில், ஒரு தட்டைக் கல்லுக்குப் பக்கத்தில்.

ராஜ் ஜாத்துக்கு நானும் போகிறேன். வாண் வரைதான். அங்கிருந்து டோலியும் நாலு கொம்புக் கிடாவும் மேலே ஏறுவதை அந்த ஊர்க் கிழவிகளோடு நின்று பார்த்துவிட்டுத் திரும்புவேன். அந்த ஆண்டு பேத்னிக்கு மேலே போகிற பயணத்தை உங்களில் எந்தக் குழு வேண்டாம் என்று வைக்கிறதோ, அந்தக் குழுவோடு அடுத்த ஆண்டு வர எனக்கு விருப்பம்.

அன்புடன்,
சேலத்திலிருந்து,
உங்களோடு நடந்த ஒருத்தி